கடைசல் பட்டறை வைத்திருந்த டாக்டர்

ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு குட்டி லேத் ஓடுதுன்னு கற்பனை பண்ணிப் பாருங்க. நம்ம அம்பத்தூர் எஸ்டேட்டுல இரும்புக் கம்பியைக் கடையுற மாதிரி, அங்க ஒருத்தர் எலும்பைக் கடைஞ்சு ஆணி செய்துகொண்டிருக்கிறார். இது நடந்தது நூறு வருஷத்துக்கும் முன்னாடி, நியூயார்க்கில். அவர் பெயர் ஃபிரெட் ஆல்பி. ஆர்த்தோ படிக்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும் தெரியும். மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டுலயும் தெரிஞ்சிருக்கணும்னுதான் இதை எழுதுறேன்.

1876-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். தாத்தா ஆப்பிள் மரங்களுக்கு ஒட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரர். பேரனுக்கும் கற்றுக்கொடுத்தார். ஒட்டு மாங்கன்று பார்த்திருப்பீங்க. ஒரு கிளையைச் சீவி இன்னொரு மரத்தோட வெட்டுவாயில் பொருத்திக் கட்டுவாங்க. இடைவெளி இல்லாமல், பட்டைக்கு நேரா பட்டை உட்காரணும். கொஞ்சம் விலகினாலும் கிளை காய்ஞ்சிடும். ஹார்வர்டில் 1903-ல் டாக்டர் பட்டம் வாங்கின பிறகும் இந்தப் பாடம் அவரை விடவில்லை.

அந்தக் காலத்துல காசநோய் நுரையீரலோட நிற்காது. முதுகெலும்புக்கும் போகும், அதுவும் சின்னப் பசங்களுக்கு. முன்பக்கம் எலும்பு அரிச்சுப்போய்ச் சரியும், முதுகு கூன் விழும், சிலருக்குக் கால் விளங்காமலே போகும். மருந்து கிடையாது. மாவுக்கட்டு போட்டு, மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் அசையாமல் படுக்கவைப்பாங்க. ஆறு வயசுக் குழந்தையை ரெண்டு வருஷம் அசையாதேன்னு சொல்றது எப்படி இருக்கும்னு யோசிங்க.

வெளியே கட்டுறதுக்குப் பதிலா, உள்ளேயே ஒரு கட்டு போட்டா என்ன? ஆல்பி கேட்ட கேள்வி இதுதான். உங்க முதுகு நடுவுல தடவிப் பாருங்க, வரிசையா எலும்பு முனைகள் தட்டுப்படும். 1911-ல் அவர் அந்த முனைகளை நீளவாக்கில் பிளந்தார். நோயாளியோட முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பிலிருந்து ஒரு பட்டையை அறுத்தெடுத்து, அந்தப் பிளவுக்குள்ள சொருகினார். கங்காரு தசைநாரால் தைத்துக் கட்டினார். (நிஜமாகவே கங்காருதான். உடம்புக்குள் மெதுவாகக் கரையும் என்பதால் அப்போது அதை நூலாகப் பயன்படுத்தினார்கள்.) பட்டை ரெண்டு பக்கமும் ஒட்டி வளர்ந்ததும் நாலைந்து முள்ளெலும்புகள் சேர்ந்து ஒரே எலும்பாகிவிடும். அசைவு நின்றால் நோய் அடங்க வாய்ப்பு உண்டு, கூனும் மேலே வளராது.

நியாயமா ஒன்று சொல்லணும். அதே ஊரில், அதே வருஷம், சில மாதம் முந்தியே ரஸல் ஹிப்ஸ் என்ற டாக்டரும் முதுகெலும்பை இணைத்துவிட்டார். அவர் காலிலிருந்து எலும்பு எடுக்கவில்லை. முதுகிலேயே சின்னச் சின்னச் சில்லுகளைப் பெயர்த்து, ஒன்றோடொன்று படும்படி மடக்கி வைத்தார். முதல் ஆள் யார்னு இன்னும் சிலர் வாதாடுவாங்க. எனக்கு ஹிப்ஸ் முறைதான் அழகாத் தோணுது, ஏன்னா முதுகு நேர்க்கோடு இல்ல, கால் எலும்பு நேரா, விறைப்பா இருக்கும். வளைந்த முதுகுக்கு ஆல்பி அந்தப் பட்டையில் பாதி ஆழத்துக்கு ரம்பத்தால் வரிசையா வெட்டுப் போட்டு வளைத்தார். பலகையை வளைக்கத் தச்சர்கள் செய்யுற அதே வேலைதான்.

ஆனால் கருவி விஷயத்தில் ஆல்பியை அடிச்சுக்க ஆளில்லை. உளியும் சுத்தியலும் வைத்து எலும்பை உடைச்சா விளிம்பு பிசிறும், விரிசல் விடும், பொருந்தாது. மோட்டாரில் ஓடும் ரம்பம் ஒன்றை அமைத்தார். அதில் ரெண்டு வட்ட பிளேடு பக்கத்துப் பக்கத்துல இருக்கும், இடைவெளியை மாற்றிக்கொள்ளலாம். பள்ளத்தையும் பட்டையையும் ஒரே அளவில் அறுக்கலாம். நமக்கு முதல் வருஷ ஒர்க்‌ஷாப்புல சொல்லித் தர்ற 'ஃபிட்' சமாசாரம்தான், அவர் அதை உயிருள்ள எலும்பில் செய்தார். கூடவே ஆணி, திருகு கடைய ஒரு கடைசல் இயந்திரம். உடம்புக்குள் இரும்பை வைப்பது அவருக்குப் பிடிக்காது, எலும்பைப் பிடிக்க எலும்பே வேண்டும் என்பார்.

1915-ல் எலும்பு ஒட்டு அறுவைக்கென்றே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். முதல் உலகப்போரில் குண்டடிபட்டு எலும்பு சிதறிய சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். நியூஜெர்சியில் ராணுவ மருத்துவமனை ஒன்றை நடத்தினார். கை கால் ஒட்டினால் போதாது, அந்த ஆள் திரும்ப வேலைக்குப் போகணும் என்று பிடிவாதமாக இருந்து, மறுவாழ்வுக்கான மாநில ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார். நடுவுல ஃபுளோரிடாவில் நிலம் வாங்கி வெனிஸ் என்ற ஊரைக் கட்டத் திட்டம் போட்டதெல்லாம் தனிக் கதை. 1945-ல் இறந்தார்.

அவர் இறந்த சமயத்தில்தான் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. முதுகெலும்புக் காசநோய்க்கு இனி கத்தி வேண்டுமா, மாத்திரை போதுமா? இதைச் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று நம்ம சென்னை, சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம். 1970-களில் தொடங்கிய ஆய்வில் ஒரு பகுதி நோயாளிகளுக்கு மாத்திரை மட்டும், அதுவும் நடமாடிக்கொண்டே. இன்னொரு பகுதிக்கு மாத்திரையோடு, அரித்த எலும்பை எடுத்துவிட்டு ஒட்டு வைக்கும் பெரிய ஆபரேஷன். பத்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் குணமானார்கள், கத்தி எல்லாருக்கும் தேவைப்படவில்லை.

ஒட்டு மட்டும் போகவில்லை. விபத்தில் நொறுங்கிய முதுகு, வளைந்த முதுகு, நழுவிய முள்ளெலும்பு என்று வேறு வேலைக்கு வந்துவிட்டது. இப்போ பெரும்பாலும் எலும்பை இடுப்பிலிருந்து எடுக்கிறார்கள். எடுத்த இடம் பல மாதம் வலிக்கும் என்பதால் தானமாக வந்த எலும்பு, கால்சியம் பாஸ்பேட் செராமிக், எலும்பை வளரத் தூண்டும் புரதம் என்று மாற்று தேடுகிறார்கள். டைட்டானியம் திருகு சில மாதம் தாங்கிப் பிடிக்கும். அதற்குள் ஒட்டு பிடிக்கவில்லை என்றால் அசைவு நிற்காது, திருகு தளரும் அல்லது உடையும். மறுபடி முதுகைத் திறக்கணும்.