இரசாயனப் பேரறிஞர் எமில் பிஷர்

மாலை தொடுப்பவனுக்கு மலரும் வேண்டும், நாரும் வேண்டும். உயிர்ப்பொருள்களை ஆராயும் இரசாயன நூலார்க்கு அவ்விரண்டையும் ஈட்டி வைத்துச் சென்ற பெருந்தகை எமில் பிஷர் ஆவார்.

இவர் ஜெர்மனியிலுள்ள ஆய்ஸ்கிர்கன் என்னும் ஊரில் 1852ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் பிறந்தார். வணிகராகிய தந்தையார் மகனை மர வாணிகத்தில் புகுத்த முயன்றார். மகனது மனம் அதில் பொருந்தவில்லை. வாணிகத்திற்கு ஆகாதவன் கல்வியேனும் கற்கட்டும் என்று தந்தையார் இசைந்தார். 1874இல் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் பேயர் என்னும் ஆசிரியரிடம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார்.

மறு ஆண்டிலேயே பினைல்ஹைட்ரசீன் என்னும் பொருளைக் கண்டுபிடித்தார். அஃது ஆல்டிஹைடுகளோடு கூடி ஹைட்ரசோன் என்னும் பிணைப்பை உண்டாக்கும். எளிதில் பளிங்காகாத சர்க்கரைகளை இனம் பிரித்தறிய அதுவே திறவுகோலாயிற்று. பின்னர், அடினீன், குவானீன் முதலியவை அடங்கிய பியூரின் குடும்பத்தின் அமைப்பைத் தெளிவுறுத்தினார். இவ்விரு பணிகளுக்காக 1902இல் நோபெல் பரிசு பெற்றார். அத்துடன் அமைந்தாரல்லர். புரதங்களின் உறுப்புகளாகிய அமினோ அமிலங்களைக் கோத்துப் பெப்டைடுகளை ஆக்கினார். 1901இல் இரண்டைக் கோத்தவர், 1907இல் பதினெட்டைக் கோத்தார்.

இப்புகழுக்கு அவர் ஈந்த விலை பெரிது. தாம் கண்ட பினைல்ஹைட்ரசீனின் நஞ்சே அவர் உடலை நெடுநாள் வாட்டியது. 1895இல் மனைவியார் மறைந்தார். முதல் உலகப் போர்க்காலத்தில் மைந்தர் மூவருள் இருவரை இழந்தார். 1919 ஜூலை 15ஆம் நாள் பெர்லின் நகரில் அவர் வாழ்வும் முடிந்தது.

அடினீனும் குவானீனும் அமைந்த டி.என்.ஏ.வே மரபுப் பண்புகளைத் தாங்குவது என்பதை அவர் அறியார்; ஏவரியும் துணைவரும் அதற்குச் சான்று காட்டியது 1944இலேயே. இன்றோ அறிஞர்கள் டி.என்.ஏ.வின் சிற்றிழைகளைப் பெப்டைடுகளோடு இணைக்கின்றனர். இழை தனக்கு இயைந்த இழையை நாடிப் பற்றும். பெப்டைடு அதனை உயிரணுவினுள் புகுத்தத் துணைசெய்யும். இணைக்கும் முறைகள் பல. அவற்றுள் ஒன்றில், ஒரு பொருளின் நுனியில் ஆல்டிஹைடையும் மற்றதன் நுனியில் ஹைட்ரசீன் தொகுதியையும் அமைத்து நீரில் கலப்பர். இரண்டும் ஹைட்ரசோனாய்ப் பிணையும்.

பெப்டைடைக் கோத்தவர் அவர். அடினீனின் அமைப்பை விளக்கியவரும் அவர். இரண்டையும் பிணைக்கும் நாரும் அவர் இளமையிற் கண்ட வினையின் வழிவந்ததே. அவரை வருத்திய பொருளின் இனமே இன்று மருந்தாராய்ச்சிக்கு உதவுகின்றது. தோழர்களே, தன் உழைப்பின் பயனை முழுதும் காணாது மறைந்தவன் வீணே உழைத்தவன் ஆகான்.