கப்பலோட்டிய தமிழரின் கணக்கு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றி வந்தது தமிழ் மரபு. ஆயினும் இன்று தமிழிலக்கியம் பயில வரும் மாணவருள் பலர், கணக்குக்கு அஞ்சியே இத்துறையைத் தேர்ந்ததாகத் தயக்கமின்றிக் கூறுகின்றனர். ஆசிரியராகிய நாமும் அதனைப் புன்னகையோடு கேட்டுக்கொள்கிறோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் மட்டும் பார்ப்பது எத்தகைய குறை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழையும் கணக்கையும் ஒருசேரக் கைக்கொண்டு வாழ்ந்த பெருமகன் ஒருவர் நம் முத்துக்கடற்கரையிலேயே இருந்தார். அவர் வ.உ.சிதம்பரனார். கப்பலோட்டிய தமிழர் என்றும் செக்கிழுத்த செம்மல் என்றும் நாம் போற்றும் அப்பெரியாரின் வாழ்வை, அதில் இடம்பெற்ற எண்களின் வழியே ஈண்டுக் காண முற்படுகிறோம்.

தூத்துக்குடிக் கடற்கரை தொன்றுதொட்டு எண்களோடு பழகிய கரையாகும். சலாபத்தில் எடுத்த சிப்பிகளை மூன்று கூறாக்கி, இரு கூற்றை அரசுக்கும் ஒரு கூற்றைக் குளித்தவர்க்கும் பகிர்ந்தளித்த காலம் உண்டு. முத்துகளைத் தரம் பிரிக்கப் பத்து வகைச் சல்லடைகள் இருந்தன. 20 துளை கொண்ட சல்லடையில் பெருமுத்து தங்கும். 1000 துளை கொண்ட சல்லடையில் மிகச் சிறியது தங்கும். பள்ளிக்கூடம் அறியாத பரதவரும், கடல் கடந்து வணிகம் செய்த முஸ்லிம் மரக்காயர்களும் இக்கணக்குகளில் தேர்ந்திருந்தனர். கணக்கில் பிழைத்தால் ஒரு பருவத்தின் உழைப்பே பாழாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இக்கரைக்கு அண்மையிலுள்ள ஒட்டப்பிடாரத்தில், 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகச் சிதம்பரனார் பிறந்தார். வீரப்பெருமாள் அண்ணாவி என்பாரிடம் தமிழ் கற்றார். திண்ணைப் பள்ளி ஆசிரியரை அண்ணாவி என்றழைப்பது தென்பாண்டி நாட்டு வழக்கம். அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் அரிச்சுவடியோடு எண்சுவடியும் கற்பிக்கப்பட்டது. மாணாக்கர் மணலில் விரலால் எழுதி, வாய்விட்டு உரக்கச் சொல்லி வாய்பாட்டை மனத்தில் பதித்தனர். அரை, கால், அரைக்கால், வீசம் என இறங்கி, 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரையிலும் கற்றனர். முழு எண்ணைக் கூட்டுமுன் அதன் சிறு கூறுகளையும் மதிக்கக் கற்பித்த கல்வி அது. அத்தகைய கல்விச் சூழலில் வளர்ந்தவர் நம் சிதம்பரனார்.

பின்னர்த் தூத்துக்குடியிலும் நெல்லையிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். சட்டம் பயின்று 1895இல் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1900இல் தூத்துக்குடிக்குக் குடியேறினார். அங்குத் துறைமுகத்தின் வாணிபம் முழுவதும் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் கையில் இருக்கக் கண்டார். நம்மவர் பொருளை நம்மவர் கப்பலே ஏற்றிச் செல்லவேண்டும் என்னும் உறுதி அவர் உள்ளத்தில் எழுந்தது.

உறுதி கப்பலாக வேண்டுமாயின் கணக்கு வேண்டும். 1906ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அதனை 40,000 பங்குகளாக வகுத்து, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் என வைத்தனர். செல்வர் சிலரிடம் மட்டும் பெருந்தொகை கேட்டிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், நடுத்தரக் குடும்பத்தாரும் முயன்றால் எட்டக்கூடிய அளவுக்குப் பங்கைச் சிறிதாக்கியதில் அவ்வகுத்தலின் நுட்பம் விளங்குகிறது. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளை 2 இலட்சம் ரூபாய்க்கு வாங்கினார். மொத்த மூலதனத்தில் இஃது ஐந்தில் ஒரு பங்காகும். சமயம் பாராது நாட்டின் பொருட்டுத் தோள் கொடுத்த அப்பெருந்தகையை நம் சமுதாயம் என்றும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

முதலில் வாடகைக் கப்பலை அமர்த்தினர். பகைவரின் நெருக்குதலால் அது நின்றுபோகவே, சொந்தக் கப்பல்களே வாங்குவதென முடிவாயிற்று. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் முதல் வகுப்பில் 42 பேரையும், இரண்டாம் வகுப்பில் 24 பேரையும், சாதாரண வகுப்பில் 1,300 பேரையும், 4,000 மூட்டைகளையும் ஏற்றவல்லது.

உடனே கட்டணப் போர் மூண்டது. ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிச் சங்கம் 8 அணாவாகக் குறைத்தது. 1 ரூபாய்க்கு 16 அணா என்பதை இன்றைய மாணவர் அறிந்துகொள்க. சாதாரண வகுப்பு முழுதும் நிரம்பினாலும் 1,300 பேரிடம் கிடைப்பது 10,400 அணா; அதாவது 650 ரூபாயே. ஆங்கிலேய நிறுவனமோ இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகக் கூறியதோடு, பயணிகளுக்குக் குடையும் வழங்க முன்வந்தது. பெரும்பொருள் படைத்தவர் நட்டத்தை நெடுங்காலம் தாங்குவர். 25 ரூபாய்ப் பங்குகளால் எழுந்த சங்கம் எத்தனை நாள் தாங்கும்? சிதம்பரனார் நடத்தியது எத்துணை இடர் மிகுந்த போராட்டம் என்பதை இவ்வெளிய கணக்கே நமக்குப் புலப்படுத்துகிறது.

அவர் கணக்கு பங்குதாரர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணை நின்றார். கூலி அரைப்பங்கு உயர்ந்தது. வார விடுமுறையும் கிடைத்தது. மார்ச் 12ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இருபது இருபதாக 40 ஆண்டுத் தண்டனை விதித்தார். அப்போது அவருக்கு வயது 35. அத்தீர்ப்பு அவ்வாறே நின்றிருந்தால் 1948இல்தான் அது முடிந்திருக்கும். நாடு விடுதலை பெற்ற பின்னரும் ஓராண்டு கழிந்திருக்கும். மேல்முறையீட்டில் தண்டனை 10 ஆண்டாகவும், பின்பு 6 ஆண்டாகவும் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்து, கண்ணனூர்ச் சிறையிலும் இருந்து, 1912 டிசம்பர் 24இல் விடுதலை பெற்றார். வரவேற்க வந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர் உயிரெனப் பேணிய கப்பல் சங்கமோ 1911இலேயே கலைக்கப்பட்டுவிட்டது.

வழக்கறிஞர் உரிமையையும் இழந்து சென்னையில் வறுமையில் உழன்றார். அக்காலத்தில் தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கென நிதி திரட்டியிருந்தனர். அது காந்தியடிகள் வழியாக வரவேண்டியிருந்தது. 1915இல் இருவருக்கும் இடையே இதுபற்றிக் கடிதங்கள் பல நடந்தன. முடிவில் 1916இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. அதனை அணாவாக மாற்றினால் 5,564. ஒரு காலத்தில் இலட்சங்களைக் கையாண்டவர், கடல் கடந்த ஏழைத் தோழர்களின் அணாக்களுக்காகக் காத்திருந்தார் என்பதை எண்ணுங்கால் நம் நெஞ்சு கனக்கிறது.

வறுமையிலும் தமிழ்ப்பணி நிற்கவில்லை. அதிகாரத்துக்குப் பத்து அடியாக 125 அதிகாரங்கள் கொண்ட மெய்யறம் என்னும் நூலை இயற்றினார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பித்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை கண்டார். நீதிபதி வாலஸ் அவருடைய வழக்கறிஞர் உரிமையை மீட்டுத் தந்தார். அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். பெற்ற நன்றியையும் கணக்கில் எழுதி வைத்தவர் அவர்.

1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், தம் 64ஆம் வயதில், தூத்துக்குடியில் அவர் உயிர் நீத்தார். இறுதிக் காலத்தில் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தாம் தரவேண்டிய பாக்கிகளையும் பிற கடன்களையும் குறித்து வைத்திருந்தார். இதனை நம் பெரியோர் நன்கு உணர்வர். மார்க்கச் சட்டப்படி, இறந்தவரின் கடனைத் தீர்த்த பின்னரே வாரிசுகளுக்குப் பாகம் பிரிக்கப்படும். கழித்தல் முந்தும், வகுத்தல் பிந்தும். ஜகாத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு எனக் கணக்கிடுவதும் இதே எளிய கணக்கறிவைக் கொண்டே. வேறு சமயத்தில் பிறந்த சிதம்பரனாரும், மனிதனுக்கு மனிதன் பட்ட கடன் மறைவாகக் கிடக்கலாகாது என்னும் அந்த அறத்திலேயே நின்றார்.

2011 முதல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கு வந்து செல்லும் கப்பல்களைக் காணும் மாணவச் செல்வங்கள், 25 ரூபாய்ப் பங்குகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கப்பல் வாங்கிய அம்மனிதரை நினைந்திடல் வேண்டும். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவன அல்ல. பிறர் பணத்தைப் பொறுப்பேற்கும் நாளில், கூலி கொடுக்கும் நாளில், பாகம் பிரிக்கும் நாளில் அவை நம் நேர்மையைச் சோதிக்க வந்து நிற்கும். தமிழ் பயிலும் நம் மாணவர் எண்ணுக்கு அஞ்சாது, எழுத்தோடு அதனையும் பேணிக் கற்பாராக.