தாயின் நேர்ச்சையும் மைந்தனின் பலியும்

புனித அருளானந்தர் என்றதுமே ஓரியூரின் செம்மண் நம் கண்முன் தோன்றுகிறது. நம் பங்கின் பொன்விழாக் காலத்தில், அங்கே சிந்திய இரத்தத்தோடு, அதற்கு முன் அவரும் அவரைப் பெற்ற அன்னையும் இறைவனின் அழைப்புக்கு அளித்த பதிலையும் சிந்திப்பது தகும்.

போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில், 1647-ம் ஆண்டு மார்ச் முதல் நாள், உயர்குடியில் பிறந்தவர் ஜான் தெ பிரிட்டோ. தந்தை அரச பணிக்காகச் சென்ற பிரேசிலிலேயே இறந்துபோக, விதவைத் தாயே பிள்ளைகளை வளர்த்தார். அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராயிருந்த ஜான் ஒருநாள் கடும் நோயில் விழுந்தார். மகன் பிழைத்தால் ஓராண்டு இயேசு சபையாரின் அங்கியை அணிவிப்பதாகத் தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தார், நேர்ச்சையும் நிறைவேறியது. ஆண்டு முடிந்து அங்கியைக் கழற்றியும், அதன்மேல் கொண்ட ஆசை கழலவில்லை. 1662 டிசம்பர் 17 அன்று, 15 வயதில், அச்சபையிலேயே சேர்ந்தார்.

பின்னர் மகன் இந்தியாவுக்குப் புறப்பட விரும்பியபோது தாயின் உள்ளம் கலங்கியது. அவரைத் தடுக்கும்படி பெரியோரிடம் மன்றாடினார். இதற்காக நாம் அவரைக் குறைகூற வேண்டாம். மாதக்கணக்கான அந்தக் கடற்பயணத்தில் வழியிலேயே மாண்டவர் பலர். கொடுத்தவளுக்கே கொடுத்ததை விடுவது கடினம். ஆயினும் ஜான் 1673-ல் கப்பலேறினார். மதுரை மறைப்பணித் தளத்தில் அருளானந்தர் ஆனார். காவியுடுத்தி, புலால் மறுத்து, பண்டாரசாமியாக ஊர் ஊராய் நடந்து எளியோருக்கு நற்செய்தி அறிவித்தார்.

1686-ல் மறவர் சீமையில் உபதேசியாரோடு பிடிபட்டுக் கொடிய வதைகளைப் பட்டார். சேதுபதி மன்னர், இனி அங்கே போதிக்கக்கூடாது என்று தடைவிதித்து விடுவித்தார். அந்த மக்களுக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்திருந்தவருக்கு அப்போது சபைத் தலைவரிடமிருந்து வந்ததோ, பணியின் தேவைகளை எடுத்துரைக்க ஐரோப்பாவுக்குப் போகவேண்டுமென்ற கட்டளை. தம் விருப்பத்தை ஒதுக்கிவிட்டுக் கீழ்ப்படிந்தார். சாவுக்கு அஞ்சாத மனத்துக்கும் இது எளிதான கீழ்ப்படிதலன்று.

லிஸ்பனில் இளமைத் தோழர் பேதுரு அரசராக வீற்றிருந்தார். தம் மகனுக்கு ஆசிரியராக அங்கேயே தங்கும்படி அவர் விரும்பினார். தாயும் அங்கேதான் இருந்தார். தங்கியிருந்தால் யாரும் குறைசொல்லியிரார். ஆனால் தம் அழைப்பு எங்கே என்பதை அருளானந்தர் மறக்கவில்லை. 1690-ல் மீண்டும் இந்தியா வந்தார்.

மறவர் சீமையில் நோயிலிருந்து குணமடைந்த தடியத்தேவர் 1693 ஜனவரி 6 அன்று திருமுழுக்குப் பெற்றார். மறைநெறிப்படி ஒரே மனைவியோடு வாழத் துணிந்து, மற்றவர்களை விலக்கினார். அவர்களுள் சேதுபதியின் உறவுப்பெண்ணும் ஒருத்தி. அவளுடைய முறையீட்டால் மன்னரின் சினம் மூண்டது. இரு நாட்களில் அருளானந்தர் கைதானார். ஓரியூர்ச் சிறையில் கரியைத் தண்ணீரில் குழைத்து, வைக்கோல் துரும்பால் இறுதிக் கடிதங்களை எழுதினார். பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். திருத்தந்தை 12-ம் பத்திநாதர் 1947-ல் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

செய்தி லிஸ்பனை எட்டியபோது அரசர் நன்றி வழிபாடு நடத்தச் செய்தார். ஒருகாலத்தில் மகனைத் தடுக்க மன்றாடிய அந்தத் தாய், துக்க உடையன்றி விழாக்கால உடை உடுத்தி அதில் கலந்துகொண்டார். மகனின் கீழ்ப்படிதல் ஓரியூரில் நிறைவுற்றது. தாயின் நேர்ச்சையோ அன்றுதான் நிறைவுற்றது எனலாம்.

அன்புமிக்க பங்கு மக்களே, பிள்ளை நோயுற்றால் நாமும் நேர்ந்துகொள்கிறோம். அதே பிள்ளை குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ போகிறேன் என்றால் தயங்குகிறோம். அந்தத் தயக்கம் பாவமன்று. அந்த அன்னைக்கும் அது இருந்தது. ஆனால் அதோடு நின்றுவிடாமல், இறைவன் கேட்பதை நம்பிக்கையோடு அவர் கையில் ஒப்படைக்கும் வரத்தை நம் குடும்பங்கள் பெறும்படி, புனித அருளானந்தரின் பரிந்துரையை நாடுவோமாக.