பிழைப்பு தேடிப் போன மேரி துசாட்

லண்டன் செல்வோர் தவறாமல் பார்க்கும் இடங்களுள் ஒன்று, மேடம் துசாட் மெழுகுச்சிலைக் காட்சி. 2017-ல் டில்லியிலும் அதற்குக் கிளை திறந்தார்கள். அதைத் தொடங்கியவர், பிழைப்புக்காக அயல்நாடு போன ஒரு பெண்மணி.

1761-ல் பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மேரி பிறந்தார். தந்தை இல்லை. தாயார், குர்ட்டியஸ் என்ற டாக்டர் வீட்டில் வேலை பார்த்தார். மெழுகு உருவங்கள் செய்வதில் கெட்டிக்காரரான அந்த டாக்டர், மேரிக்கும் தொழிலைக் கற்றுக் கொடுத்தார்.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. வெட்டுண்ட தலைகளை அச்செடுக்கும் கொடுமையான வேலை தம் தலையில் விழுந்ததாக மேரி பிற்காலத்தில் கூறினார். 1794-ல் டாக்டர் இறந்தார். சிலைகள் மேரிக்குச் சேர்ந்தன. மறு ஆண்டு துசாட் என்பவரை மணந்தார். இரண்டு மகன்கள்.

பாரிசில் காட்சிக்கு வரும்படி குறைந்தது. 1802-ல் சிலைகளுடன் லண்டனுக்குப் புறப்பட்டார். 4 வயது மூத்த மகனை அழைத்துக்கொண்டார். 2 வயதுக் குழந்தையைக் கணவரிடம் விட்டுச் சென்றார்.

லண்டனில் கூட்டாளி லாபத்தில் பாதியை எடுத்துக்கொண்டார். 1803-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. திரும்ப வழியில்லை. சிலைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று காட்சி நடத்தினார், ஒன்றல்ல இரண்டல்ல, 30 ஆண்டுகளுக்கு மேல்! இளைய மகன் வளர்ந்து வாலிபனான பிறகே தாயிடம் வந்து சேர்ந்தான்.

1835-ல், 70 வயதைக் கடந்த பிறகு, லண்டன் பேக்கர் தெருவில் நிலையான காட்சிக்கூடம் அமைத்தார். 1842-ல் தம் உருவத்தையும் மெழுகில் செய்தார். அரசர்கள் நடுவே வேலைக்காரியின் மகளுக்கும் இடம் கிடைத்தது.

1850-ல் 88 வயதில் லண்டனிலேயே காலமானார். பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.