சிதையாமல் சுருக்கியவர் – டேவிட் ஹஃப்மன்

நுழையும்முன்

மாமல்லபுரத்துக் குன்றின்மேல் கல்லாலான கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. ஒவ்வொரு கலங்கரை விளக்கமும் தனக்குரிய கால அளவில் ஒளிர்ந்து மறையும். அந்த அளவுகளைப் பட்டியலிட்ட நூல் கப்பலில் இருக்கும். இருளில் தோன்றும் சில ஒளித்துடிப்புகளைக் கொண்டே மாலுமி தாம் எந்தக் கரையருகே வந்திருக்கிறோம் என்பதை அறிந்துகொள்வார். அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே அட்டவணையை அறிந்திருந்தால் மிகச் சிறிய குறியும் முழுப் பொருளைத் தந்துவிடும். இந்த உண்மையைக் கணக்கின் துணையால் செம்மைப்படுத்திய ஒரு மாணவரின் வாழ்வை இப்பாடத்தில் காண்போம்.

இணையப் பக்கத்தின் பயணம்

பழைய மாமல்லபுரம் சாலையில் செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்துள்ளது. தரவு மையங்களும் அங்கு இயங்குகின்றன. இத்தகைய மையங்களில் உள்ள சேவையகங்கள் நாம் கேட்கும் இணையப் பக்கங்களை நமக்கு அனுப்பிவைக்கின்றன. கோவளத்துக் கடற்கரையில் நிற்கும் மீனவர் ஒருவர் கடலுக்குச் செல்லுமுன் தம் கைப்பேசியில் வானிலைப் பக்கத்தைத் திறக்கிறார் எனக் கொள்வோம். அலைபேசித் தொடர்பு மெலிந்திருக்கும் இடத்திலும் அப்பக்கம் விரைவில் வந்து சேரவேண்டும்.

தமிழில் எழுதப்பட்ட பக்கத்திற்கு இத்தேவை இன்னும் மிகுதி. இணையத்தில் பெருவழக்காக உள்ள ஒருங்குறி முறையில் ஓர் ஆங்கில எழுத்தைச் சேமிக்க ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். எனவே சேவையகம் பக்கத்தைச் சுருக்கி அனுப்புகிறது. உலாவி அதனை விரித்துக் காட்டுகிறது. சுருங்கி விரிந்தபின் ஒரு புள்ளிகூட மாறியிருத்தல் ஆகாது. காற்றின் வேகத்தைக் குறிக்கும் எண்ணில் ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் அது உயிர்க்கே ஊறாகலாம். சிதைவின்றிச் சுருக்கும் இக்கலையின் அடிப்படைகளுள் ஒன்றை உலகிற்கு அளித்தவர் டேவிட் ஹஃப்மன்.

இளமையும் கல்வியும்

ஹஃப்மன் 1925ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் பிறந்தார். ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று 1944இல், பத்தொன்பது வயது நிறையுமுன்னரே பட்டம் பெற்றார். அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அவர் அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாகச் சேர்ந்து, போர்க்கப்பல் ஒன்றில் ரேடார் கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். போருக்குப்பின் சீன, சப்பானியக் கடற்பகுதிகளில் புதைந்திருந்த கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் அக்கப்பல் ஈடுபட்டது.

கடற்படையிலிருந்து திரும்பியவர் தாம் பயின்ற பல்கலைக்கழகத்திலேயே 1949இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் உயராய்வுக்காக மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார்.

தேர்வா, கட்டுரையா?

அக்காலத்தில் தகவலியல் புதிதாக முளைத்த துறை. கிளாடு ஷானன் என்னும் அறிஞர் 1948இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அதற்கு அடித்தளமிட்டிருந்தது. ஒரு செய்தியை எந்த எல்லைவரை சுருக்கலாம் என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஆயினும் அந்த எழுத்துகளுக்கு எவ்வாறு குறிகளை அமைத்தால் மிகக் குறைந்த நீளம் கிடைக்கும் என்னும் வினாவுக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. ஷானனும் பேராசிரியர் இராபர்ட் ஃபானோவும் கண்ட வழி பெரும்பாலும் நல்ல பயனைத் தந்தது. எனினும் அது எப்போதும் மிகச் சிறந்ததாக அமையவில்லை.

1951இல் ஃபானோ நடத்திய வகுப்பில் ஹஃப்மன் மாணவராக இருந்தார். பருவ இறுதியில் மாணவர்கள் தேர்வு எழுதலாம். அல்லது அதற்கு மாற்றாக ஆய்வுக் கட்டுரை அளிக்கலாம் என ஃபானோ அறிவித்தார். கட்டுரைக்குரிய சிக்கல்களுள் ஒன்றாக இவ்வினாவையும் வைத்தார். தாமும் ஷானனும் அதில் முயன்று முழுவெற்றி காணவில்லை என்பதை அவர் கூறவில்லை. ஹஃப்மன் தேர்வை விடுத்துக் கட்டுரையைத் தேர்ந்தார்.

திங்கள்கள் கழிந்தன. பல வழிகளை அமைத்துப் பார்த்தார். எதனையும் மிகச் சிறந்ததென்று மெய்ப்பிக்க இயலவில்லை. இனித் தேர்வுக்கே படிப்பதென முடிவுசெய்து, தம் குறிப்புத்தாள்களைக் குப்பைக்கூடையில் போட முற்பட்டார். அந்த நேரத்தில்தான் விடை அவருக்குப் புலப்பட்டது. கைவிட எண்ணிய பொழுதில் விடை கிடைத்தது தற்செயல்போலத் தோன்றலாம். ஆனால் பல திங்கள் உழைப்பு அவ்விடைக்கு நிலத்தைப் பண்படுத்தியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆசிரியர் கண்ட முறையில் எழுத்துக்கூட்டத்தை மேலிருந்து இரண்டிரண்டாகப் பகுத்துச் சென்றனர். மாணவரோ அடியிலிருந்து தொடங்கினார். மிகக் குறைவாக வரும் இரண்டு எழுத்துகளை முதலில் இணைத்தார். அந்த இணையை ஓர் எழுத்தாகவே கருதி, மீண்டும் மிகக் குறைந்த இரண்டினை இணைத்தார். இவ்வாறு எல்லாம் ஒன்றாகும்வரை சென்றார். இந்த எளிய மாற்றமே மிகக் குறுகிய குறிகளைத் தந்தது. எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி வழங்கும் முறைகளுள் இதனை விஞ்சியது இருக்கமுடியாது என்பதையும் அவர் மெய்ப்பித்தார். 1952 செப்டம்பரில் இக்கட்டுரை ஆய்விதழில் வெளியாயிற்று.

மாமல்லபுரம் என்னும் சொல்லைச் சுருக்குவோம்

இம்முறையை நம் ஊர்ப்பெயர் ஒன்றைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மாமல்லபுரம் என்னும் சொல்லைக் கணினி பதினொரு குறிகளாகச் சேமிக்கிறது. துணைக்கால், உகரக்குறி, புள்ளி ஆகியவையும் அதற்குத் தனித்தனிக் குறிகளே. ஒன்றுக்கு மூன்று பைட்டுகள் வீதம் 33 பைட்டுகள், அதாவது 264 பிட்டுகள் இச்சொல்லுக்குத் தேவை.

இச்சொல்லில் ம மூன்று முறையும், ல, புள்ளி ஆகியவை இருமுறையும், துணைக்கால், ப, உகரக்குறி, ர ஆகியவை ஒருமுறையும் வருகின்றன. ஒருமுறை வருபவற்றில் துணைக்காலையும் பகரத்தையும் இணைப்போம்; உகரக்குறியையும் ரகரத்தையும் இணைப்போம். ஒவ்வோர் இணையின் மதிப்பும் இரண்டு. அடுத்து லகரத்தையும் புள்ளியையும் இணைத்தால் நான்கு. முன்பு அமைந்த இரண்டு இணைகளையும் சேர்த்தால் நான்கு. மூன்று முறை வரும் மகரத்தை லகரமும் புள்ளியும் உள்ள தொகுதியுடன் சேர்த்தால் ஏழு. இறுதியில் ஏழும் நான்கும் இணைந்து பதினொன்றாகின்றன.

இந்த இணைப்புகளை ஒரு மரமாக வரைந்து, உச்சியிலிருந்து இடக்கிளைக்கு 0 என்றும் வலக்கிளைக்கு 1 என்றும் எழுதினால் பின்வரும் அட்டவணை கிடைக்கும்.

ம – 00
ல – 010
புள்ளி – 011
துணைக்கால் – 100
ப – 101
உகரக்குறி – 110
ர – 111

அடிக்கடி வரும் மகரத்திற்கு இரண்டு பிட்டுகள். ஏனையவற்றிற்கு மும்மூன்று பிட்டுகள். ஆகவே முழுச்சொல்லும் 30 பிட்டுகளில் அடங்குகிறது. எந்தக் குறியும் வேறொரு குறியின் தொடக்கமாக அமையவில்லை என்பதை நோக்குக. அதனால் குறிகளுக்கிடையே இடைவெளி விடாமல் எழுதினாலும் இடமிருந்து வலமாகப் படித்து மூலச் சொல்லைப் பிழையின்றிப் பெறலாம். தந்திக்குரிய மோர்ஸ் குறிமுறையும் மிகுதியாக வரும் எழுத்துக்குக் குறுகிய குறியையே தந்தது. ஆனால் அங்கு எழுத்துகளுக்கிடையே இடைவெளி இன்றியமையாதது.

அட்டவணையையும் உடன் அனுப்பவேண்டும் என்பதால் ஒரு சொல்லைச் சுருக்குவதில் பயன் சிறிது. நீண்ட பக்கத்தைச் சுருக்குவதில் பயன் பெரிது. நடைமுறையில் சேவையகம் எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளையே எண்ணுகிறது. ஒருங்குறியில் தமிழ்க் குறிகளின் முதல் பைட் எப்போதும் ஒன்றே. இரண்டாம் பைட் இரண்டே வகை. இவ்வாறு மீண்டும் மீண்டும் வருபவை மிகுதியாதலால் தமிழ்ப் பக்கம் நன்கு சுருங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

நம் முன்னோரும் எழுத்தைச் சுருக்கினர். நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் முதலியவற்றிற்குத் தனித்தனிக் குறியீடுகள் இருந்தன. அவை இன்று ஒருங்குறியிலும் இடம்பெற்றுள்ளன. கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் மெய்யெழுத்துக்குரிய புள்ளியைப் பெரும்பாலும் இடாமல் விட்டனர். குறியீடு இழப்பில்லாச் சுருக்கம். விடப்பட்ட புள்ளியோ படிப்பவர் ஊகித்து நிரப்பவேண்டிய இழப்பு. சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடம் தேர்வதில் உற்ற இடர்ப்பாடுகளுள் இதுவும் ஒன்று.

குறி தவறினால்

ஹஃப்மன் முறை தனித்து இயங்குவதில்லை. முன்பு வந்த தொடர் மீண்டும் வருமாயின் அதனை எழுதாமல் வந்த இடத்தைச் சுட்டும் முறையை ஜேக்கப் ஜிவ், ஆபிரகாம் லெம்பெல் ஆகியோர் 1977இல் வெளியிட்டனர். இவ்விரு முறைகளும் இணைந்த வடிவம் 1992இல் வெளிவந்த ஜீசிப் என்னும் மென்பொருளில் இடம்பெற்றது. பின்னர் இணையத்தின் செய்திப் பரிமாற்ற நெறியிலும் அது ஏற்கப்பட்டது.

அந்நெறிப்படி உலாவி, தான் விரிக்கவல்ல சுருக்க முறைகளின் பெயர்களைத் தன் வேண்டுகோளிலேயே தெரிவிக்கிறது. சேவையகம் அவற்றுள் ஒன்றால் பக்கத்தைச் சுருக்கி, எம்முறையால் சுருக்கியது என்பதைத் தலைப்புக் குறிப்பில் எழுதி அனுப்புகிறது. இவ்வுடன்பாடு தவறும்போதுதான் சிக்கல் எழுகிறது. சுருக்கிய பக்கத்தைக் குறிப்பின்றி அனுப்பினால் திரையில் பொருளற்ற எழுத்துக் குவியல் தோன்றும். சுருக்காத பக்கத்தைச் சுருக்கியதாகக் குறித்தால் உலாவி விரிக்க இயலாமல் பிழை காட்டும். சுருக்குமுன் இருந்த நீளத்தையே அறிவித்துவிட்டால், வராத மீதிக்காக உலாவி காத்திருக்கும். இடையிலுள்ள சேமிப்பகம், ஒருவர் கேட்ட சுருக்கப் படியை அதனை விரிக்க இயலாத மற்றொருவருக்கு வழங்கிவிடுவதும் உண்டு. படி வேண்டுகோளுக்கேற்ப மாறும் என்று சேமிப்பகத்திற்கு அறிவிப்பதே அதற்குத் தீர்வு.

பழுதைக் கண்டறியவும் ஒழுங்கான வழியுண்டு. முதலில் சுருக்கம் வேண்டாம் என்று கூறிப் பக்கத்தைக் கேட்கவேண்டும். பக்கம் சரியாக வந்தால் உள்ளடக்கத்தில் குறையில்லை. சுருக்கத்திலோ அதன் குறிப்பிலோதான் குறை. பிறகு தலைப்புக் குறிப்பையும் அறிவித்த நீளத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவேண்டும். ஒளிப்படங்கள் பெரும்பாலும் முன்பே சுருக்கப்பட்டவை. அவற்றை மீண்டும் சுருக்குவதால் பயனில்லை, உழைப்பே வீணாகும்.

ஆசிரியப் பணியும் இறுதிக்காலமும்

ஹஃப்மன் 1953இல் முனைவர் பட்டம் பெற்று, அக்கழகத்திலேயே ஆசிரியரானார். 1967இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூசு வளாகத்திற்குச் சென்றார். அங்குக் கணினி அறிவியல் துறை உருவாகத் துணைநின்று, 1970 முதல் 1973 வரை அதன் தலைவராகவும் விளங்கினார். வளைந்த மடிப்புகளால் தாளைச் சிற்பம்போல் உருவாக்கும் கணக்கியலிலும் அவர் ஆழ்ந்து ஈடுபட்டார். 1994இல் ஓய்வு பெற்றார். 1999இல் மின்பொறியாளர் கழகத்தின் ஹாமிங் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள், தம் 74ஆம் அகவையில், புற்றுநோயால் மறைந்தார்.

தொலைநகல், ஒளிப்படம், இசைக்கோப்பு, இணையப் பக்கம் எனப் பலவற்றில் அவர் கண்ட முறை பயன்படுகிறது. அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதனால் பொருளும் ஈட்டவில்லை. யாரும் தடையின்றி எடுத்தாளக்கூடியதாக அது இருந்தது. அவர் தம் மாணவப் பருவத்தில், தேர்வுக்கு மாற்றாக எழுதிய ஒரு கட்டுரை இத்துணைப் பயன் தந்திருக்கிறது. மாணவர்களே, அறிஞர்க்கும் எட்டாத வினா என்று அறிந்திருந்தால் அவர் அதனைத் தொட்டிருப்பாரோ என எண்ணிப் பாருங்கள். ஒரு வினாவின் கடுமையைக் கேட்டே பின்வாங்காமல், நம் கையிலுள்ள தாளில் ஒருமுறை முயன்று பார்ப்பதே அவர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது.

கற்பவை கற்றபின்

1. 0010000010011010101110111​00011 என்னும் தொடரைப் பாடத்திலுள்ள அட்டவணையின் துணையால் படித்து, கிடைக்கும் சொல்லை எழுதுக.
2. உங்கள் ஊர்ப்பெயரில் வரும் குறிகளின் நிகழ்வெண்களைக் கண்டு, ஹஃப்மன் முறையில் மரம் வரைந்து வகுப்பறையில் விளக்குக.
3. கல்வெட்டுகளில் வழங்கிய தமிழ்க் குறியீடுகளைத் திரட்டி ஒரு தொகுப்பேடு உருவாக்குக.