பொருளதிகாரம் தேடிய பெருந்தகை

இறையனார் அகப்பொருள் உரையில் ஒரு பழங்கதை உண்டு. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மழையின்றி வற்கடம் நேர்ந்தது. தன்னை அண்டியிருந்த புலவர்களைப் புரக்க இயலாத பாண்டியன், அவர்களைப் பிற நாடுகளுக்கு அனுப்பிவைத்தான். மழை பெய்து நாடு மீண்டும் செழித்தபின் புலவர்களைத் தேடி ஆள் விடுத்தான். எழுத்திலும் சொல்லிலும் யாப்பிலும் வல்லவர்கள் கிடைத்தனர். பொருளதிகாரம் அறிந்தவர் ஒருவரும் கிடைக்கவில்லை. நாடு மீண்டும் நாடாயிற்று. ஆனால் ஒரு நூலறிவு நாட்டைவிட்டே போய்விட்டது என்று அரசன் கவலையுற்றான் என்கிறது அக்கதை.

19ஆம் நூற்றாண்டில் அக்கதை மெய்யாகவே மீண்டும் நிகழ இருந்தது. தொல்காப்பிய எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடன் 1847இல் அச்சேறியது. சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் 1868இல் அச்சேறியது. பொருளதிகாரம் மட்டும் ஓலையிலேயே கிடந்தது. இலக்கணம் கற்போர் பெரும்பாலும் நன்னூலோடு அமைந்தனர். தமிழரின் அகவாழ்வையும் புறவாழ்வையும் வகுத்துரைக்கும் பொருளதிகாரத்தைப் பாடம் கேட்டவர் அரியராயினர். ஏடுகளும் ஆண்டுதோறும் குறைந்துவந்தன. இம்முறை ஆள் விடுத்துத் தேட மன்னன் ஒருவனும் இல்லை. அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் பணியாற்றிய ஒருவர் அத்தேடலைத் தம் கடமையாக ஏற்றார். அவர்தாம் சி.வை. தாமோதரம்பிள்ளை.

இளமையும் கல்வியும்

யாழ்ப்பாணத்தைச் சார்ந்த சிறுப்பிட்டி என்னும் ஊரில், வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மகனாக 1832ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் தாமோதரனார் பிறந்தார். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். பின்னர் வட்டுக்கோட்டைக் குருமடத்தில் ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் பயின்றார். ஒருபுறம் குருவின் முன்னமர்ந்து ஓலையில் பாடம் கேட்கும் பழைய முறை. மறுபுறம் அச்சிட்ட நூல்களைக் கொண்டு தேர்வெழுதும் புதிய முறை. இவ்விரண்டும் அவரிடத்தில் ஒன்றுகூடின. அவருடைய பிற்காலப் பணிகளுக்கெல்லாம் இக்கூட்டே அடித்தளமாயிற்று.

ஆசிரியப் பணி தொடங்கியபின், இருபது வயதளவிலேயே குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையுடன் பதிப்பித்தார். பெர்சிவல் பாதிரியாரின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து, 'தினவர்த்தமானி' என்னும் இதழுக்கு ஆசிரியரானார். சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழும் கற்பித்தார். 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் முதலிடம் பெற்றுத் தேறினார். வட்டுக்கோட்டையில் அவருக்குக் கற்பித்த ஆசிரியரான கறல் விசுவநாதபிள்ளையும் அவருடன் தேறினார். ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே பட்டம் பெற்ற அரிய நிகழ்ச்சி அது.

கள்ளிக்கோட்டைக் கல்லூரியில் சிறிது காலம் பணியாற்றியபின், சென்னையில் அரசாங்க வரவுசெலவுக் கணக்குத் துறையில் அமர்ந்து உயர்பதவி எய்தினார். பணியிலிருந்தவாறே சட்டம் பயின்று 1871இல் பி.எல். தேர்விலும் தேறினார். ஊதியமும் மதிப்பும் உடைய வாழ்வு அமைந்துவிட்டது. அதனோடு அவர் மனநிறைவு கொண்டிருந்தால் உலகியலில் குறையேதும் இருந்திராது. ஆனால் ஓலைகள் அழிந்துகொண்டிருந்தன என்பதை அவரால் மறக்க இயலவில்லை.

ஓலையின் நிலை

பனையோலை நெடுங்காலம் நிலைக்கும் பொருளன்று. எவ்வளவு பேணினும் சில நூற்றாண்டுகளில் அது பழுதுபடும். ஆதலின் மூத்த ஏடு நைந்துபோகுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏடு எழுதிவைப்பது முன்னோர் வழக்கம். அவ்வாறு எழுதுவோர் ஒரு தலைமுறையில் இல்லாது போயினும் நூலின் வழி அறுந்துவிடும். செல்லும் இராமபாணப் பூச்சியும் ஓலையை அரித்தன. ஏட்டின் அருமை அறியாதார் அதனைப் பரணில் போட்டு மறந்தனர். சிலர் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டனர்.

எஞ்சிய ஏடுகளைப் படிப்பதும் எளிதாக இல்லை. ஓலை கிழியும் என்று அஞ்சி எழுதுவோர் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். எது நூற்பா, எது உரை, எது எடுத்துக்காட்டு என்று பிரித்தறிய இயலாதவாறு யாவும் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். ஆசிரியரிடம் முன்பே பாடம் கேட்டவருக்கு ஏடு நினைவூட்டும் கருவி. பாடம் கேளாதவருக்கோ அது திறவாத கதவு.

கல்லூரிகள் தோன்றிய காலத்தில் இக்கதவின் முன் வந்து நின்றவர் பலர். மடத்திலோ புலவர் இல்லத்திலோ ஆண்டுக்கணக்கில் தங்கிப் பாடம் கேட்க அவர்களுக்கு வாய்ப்பில்லை. அச்சிட்ட நூலைத் தாமே படித்துப் பொருள் கொள்ள வேண்டிய புதிய படிப்பாளர்கள் அவர்கள். பழைய நூல் அவர்களிடம் சேர வேண்டுமாயின், ஓலையில் உள்ளதை அப்படியே படியெடுத்தால் போதாது. பல ஏடுகளை ஒப்புநோக்க வேண்டும். உரிய பாடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். நூற்பாவையும் உரையையும் பிரித்துக்காட்ட வேண்டும். நூலையும் ஆசிரியரையும் பற்றி முன்னுரை எழுத வேண்டும். பதிப்பு என்பது இத்தனை செயல்களும் சேர்ந்த உழைப்பு என்பதைத் தாமோதரனார் உணர்ந்திருந்தார்.

துணிந்து செய்த பணி

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டபோது, ஆறுமுக நாவலர் அதனைப் பரிசோதித்துத் தந்தார். நாவலரின் பெயர் அப்பதிப்புக்குக் காவலாக நின்றது. நாவலர் 1879இல் மறைந்தார். அதன்பின் பொருளதிகாரத்தைத் தாமோதரனார் தாமே தாங்க வேண்டியவரானார்.

முதலில் தம்மினும் மிக்க புலமையுடையார் எவரேனும் அப்பணியை மேற்கொள்வார் என்று அவர் எதிர்பார்த்தார். எவரும் முன்வரவில்லை. சிதைந்த ஏடுகளைக் கொண்டு பதிப்பித்தால் பிழைகள் மலியும். பிழை மலிந்தால் தம் புலமைக்கு இழுக்கு நேரும் என்பது கற்றோரின் அச்சம். அவ்வச்சம் பொருளற்றதன்று. அக்காலத்துப் புலவர் உலகில் கண்டன நூல்கள் பெருகியிருந்தன. ஒரு சொற்பிழைக்கும் பல பக்க மறுப்பு எழும்.

தாமோதரனார் இரண்டு தீமைகளை எடைபோட்டார். பிழையுடன் வெளிவந்த நூலைப் பின்வருவோர் திருத்திக்கொள்ளலாம். வெளிவராமலே அழிந்த நூலைத் திருத்துவார் யார்? புகழுடையார்க்கே புகழ் போய்விடும் என்ற அச்சம். தமக்கு அவ்வாறு இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று பணிவுடன் எண்ணி, பழியைத் தாம் ஏற்கத் துணிந்தார். பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடித் திரட்டினார். ஓலையைத் தொட்டால் ஓரம் உதிர்வதும் கட்டை அவிழ்த்தால் இதழ் முறிவதும் கண்டு அவர் பட்ட வேதனை அவருடைய பதிப்புரைகளில் பதிவாகியுள்ளது. 1885இல் பொருளதிகாரம் முதன்முதலாக அச்சு வடிவில் வெளிவந்தது.

தொன்மக் கதையில் பாண்டியனின் கவலையை இறைவன் தீர்த்துவைத்தான்; அறுபது நூற்பாக்களால் புதியதொரு பொருள் நூலை அருளினான். 1885இல் அதற்கு ஈடாக நின்றது ஒரு மனிதரின் உழைப்பு. பாண்டியனின் கதையைச் சொல்லும் அந்த இறையனார் அகப்பொருளையும் 1883இல் தாமோதரனாரே பதிப்பித்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

சமயம் கடந்த தமிழ்ப்பற்று

தாமோதரனார் சைவ சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர்; 'சைவ மகத்துவம்' என்னும் நூலை இயற்றியவர். எனினும் நூல்களைத் தெரிந்தெடுக்கையில் சமயத்தை அளவுகோலாகக் கொள்ளவில்லை. பௌத்தரான புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியத்தை 1881இல் வெளியிட்டார். சைவ நூலாகிய தணிகைப் புராணம் 1883இல் வந்தது. எட்டுத்தொகை நூல்களுள் முதலில் அச்சேறியது அவர் பதிப்பித்த கலித்தொகை. அது வெளிவந்த ஆண்டு 1887. தோலாமொழித்தேவர் இயற்றிய சமணக் காப்பியமாகிய சூளாமணியும், வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கமும் 1889இல் வெளிவந்தன. அழிவின் விளிம்பில் நின்ற தமிழ் நூல் எதுவாயினும் அது காக்கப்பட வேண்டியதே என்பது அவர் கொள்கை.

செய்யுளைப் படிக்க இயலாதவரும் காப்பியச் சுவையை அறிய வேண்டும் என்று கருதிச் சூளாமணியை வசன நடையிலும் எழுதினார். மாணவர்களுக்காக ஆறாம், ஏழாம் வாசகப் புத்தகங்களையும் இயற்றினார். அறிஞருக்கு ஆய்வுப் பதிப்பு, பொதுமக்களுக்கு உரைநடை, மாணவருக்கு வாசக நூல் என ஒவ்வொரு வகையினருக்கும் ஏற்ற வாயிலை அமைத்துத் தந்தார்.

இவற்றையெல்லாம் அவர் ஓய்வான வாழ்வில் இருந்து செய்யவில்லை. அரசுப் பணியிலிருந்து 1882இல் ஓய்வு பெற்றபின் கும்பகோணத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் விளங்கினார். பகலில் வழக்குக் கட்டுகளும் இரவில் ஓலைக் கட்டுகளும் அவர் முன் இருந்தன. ஈட்டிய பொருளின் பெரும்பகுதி ஏடு தேடுவதற்கும் அச்சுக்கூலிக்கும் சென்றது.

பிழையும் திருத்தமும்

தாமோதரனார் அஞ்சாமல் எதிர்நோக்கிய பழி வராமல் இல்லை. அவருடைய பதிப்புகளைக் குறைகூறிக் கண்டனங்கள் எழுந்தன. அவற்றுள் சில உண்மையும் ஆயின. 1885இல் பொருளதிகாரம் முழுமைக்கும் நச்சினார்க்கினியர் உரை எனக் கருதி அவர் வெளியிட்டார். மெய்ப்பாட்டியல் முதலிய பின் நான்கு இயல்களுக்கு அதில் அமைந்த உரை, பேராசிரியர் என்னும் மற்றோர் உரையாசிரியருடையது எனப் பின்வந்த அறிஞர்கள் ஆராய்ந்து நிறுவினர்.

இத்திருத்தம் எவ்வாறு இயன்றது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. உரை அச்சில் வந்ததால்தான் பல ஊர்களில் இருந்த அறிஞர்கள் ஒரே பக்கத்தை விரித்துவைத்து நடையையும் மேற்கோள்களையும் ஒப்பிட முடிந்தது. பேராசிரியரை அடையாளம் காண வழிசெய்தது, அவர் பெயரை அறியாது வெளியிடப்பட்ட அப்பதிப்பே. பிழையுடைய நூல் திருந்தும். மறைந்த நூல் திரும்பாது என்ற தாமோதரனாரின் கணிப்பு அவருடைய பிழையினாலேயே மெய்ப்பிக்கப்பட்டது.

கலித்தொகை வெளிவந்த 1887ஆம் ஆண்டிலேயே உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு முதலியவை உ.வே.சா.வின் செம்மையான பதிப்புகளாகத் தமிழுலகுக்குக் கிடைத்தன. ஒப்புமைப் பகுதிகளும் அருஞ்சொல் விளக்கங்களும் கொண்ட அப்பதிப்புகள் பதிப்புக்கலையை மேலும் உயர்த்தின. ஆறுமுக நாவலரும் தாமோதரனாரும் கரடுமுரடான நிலத்தைச் செப்பனிட்டு வைத்தமையால், பின்வந்தோர் விதைத்துப் பெருவிளைச்சல் காண முடிந்தது.

நிலைத்த பயன்

அரசு 1895இல் தாமோதரனாருக்கு 'ராவ் பகதூர்' பட்டம் அளித்தது. இளந்தலைமுறைப் புலவர்களை அவர் பெரிதும் ஊக்கினார். வி.கோ. சூரியநாராயண சாத்திரியாரின் புலமையை வியந்து 'திராவிட சாஸ்திரி' என்னும் பட்டத்தை வழங்கியவர் அவரே. பரிதிமாற்கலைஞர் எனப் பிற்காலத்தில் போற்றப்படுபவர் அச்சாத்திரியார். தாமோதரனார் 1901ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மறைந்தபோது, பரிதிமாற்கலைஞர் இரங்கற்பா பாடினார்.

தாமோதரனார் தம் நூல்களுக்கு எழுதிய பதிப்புரைகள் பின்னர்த் தொகுக்கப்பெற்று, 'தாமோதரம்' என்னும் பெயரில் வெளிவந்தன. தமிழ் நூல்களின் காலத்தையும் வரலாற்றையும் ஆராயும் முயற்சிக்கு அவை தொடக்கநிலைச் சான்றுகளாக விளங்குகின்றன.

இன்று பொருளதிகாரம் பல உரைகளுடனும் பல விலைகளிலும் கிடைக்கிறது. மேல்நிலை வகுப்பு மாணவரும் முதல், கரு, உரி என்னும் முப்பொருளையும் ஐந்திணைகளையும் எளிதாகச் சொல்கின்றனர். நைந்த ஓலையிலிருந்து அந்நூல் அச்சுக்கு வந்த வழி எளிதானதன்று. கற்றோர் பலர் தயங்கி நின்ற இடத்தில், குறைகூறப்படுவோம் என்று அறிந்தே ஒருவர் முன்வந்தார். பொருளதிகாரம் இரண்டாம் முறை தொலையாதிருந்தது அத்துணிவினால்.