உடையவர் கோபித்துக்கொண்ட நாள்

அரியர் ரிசல்ட் வருகிற அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் எட்டிப் பாருங்கள், நம்ம ஆட்கள் நாலு பேராவது கைகூப்பி நிற்பார்கள். கேம்பஸ் இன்டர்வியூ என்றால் கேட்கவே வேண்டாம். கேட்டது கிடைத்தால் தேங்காய் உடைப்போம். கிடைக்காவிட்டால் ஒரு மாசம் அந்தத் தெருப் பக்கமே போகமாட்டோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை நண்பர்களே! அதே கோயிலில் எழுந்தருளியிருக்கும் மகானே ஒரு முறை சாமியிடம் கோபித்துக்கொண்டு, தரிசனம் பண்ணாமல் ஊர் திரும்பியவர்தான்.

ஸ்ரீ ராமானுஜர் 1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் நம்ம ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தார். தந்தை ஆசூரி கேசவ சோமயாஜி, தாயார் காந்திமதி. தாய்மாமன் பெரிய திருமலை நம்பி வைத்த பெயர் இளையாழ்வார். படிக்கப் போனது திருப்புட்குழிக்கு. பாலுசெட்டிச்சத்திரம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். அங்கே யாதவப்பிரகாசர் என்பவரிடம் வேதாந்தம் பயின்றார். சிஷ்யன் குருவையே மடக்கிக் கேள்வி கேட்டால் என்ன ஆகும்? காசி யாத்திரை என்று அழைத்துப் போய்த் தீர்த்துக்கட்டத் திட்டம் போட்டார்களாம். தம்பி முறையான கோவிந்தன் ரகசியமாக எச்சரிக்க, விந்தியக் காட்டில் தப்பி ஓடினார். ஒரு வேடனும் வேடுவச்சியும் வழிகாட்ட, காஞ்சிக்கு வந்து சேர்ந்தார். வந்தவர்கள் பெருமாளும் தாயாரும்தான் என்பது வைணவர்களின் நம்பிக்கை. அவர்கள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட சாலைக் கிணற்றிலிருந்து தினமும் வரதராஜருக்குத் தீர்த்தம் சுமந்தார் இளையாழ்வார்.

இனிமேல்தான் கதையின் முக்கியமான இடம்.

ஸ்ரீரங்கத்தில் ஆளவந்தார் என்ற பெரியவர் இருந்தார். தமக்குப் பின் சம்பிரதாயத்தைத் தாங்க ஆள் வேண்டுமே என்ற கவலை அவருக்கு. காஞ்சிக்கு வந்தபோது தூரத்தில் நின்று இளையாழ்வாரைப் பார்த்தார். கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை, இந்தப் பிள்ளையை எங்களுக்குக் கொடு என்று வரதராஜரிடம் வேண்டிக்கொண்டு போய்விட்டார். பிற்பாடு பெரிய நம்பியை அனுப்பி அழைத்தார். இளையாழ்வாரும் துடித்துக்கொண்டு கிளம்பினார். காவிரிக்கரையை அடைந்தால் ஒரே கூட்டம். ஆளவந்தார் பரமபதம் அடைந்துவிட்டார்! திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருக்க, நிறைவேறாத மூன்று ஆசைகளை நான் முடிக்கிறேன் என்று இவர் சபதம் செய்யச் செய்ய ஒவ்வொரு விரலாக நிமிர்ந்தது என்று குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன.

பலரும் அந்த அற்புதத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அடுத்த வரிதான் பெரிதாகப் படுகிறது. ஒரே ஒரு நாள் அவரோடு இருக்க விடவில்லையே என்ற ஆற்றாமையில், அரங்கனைச் சேவிக்காமலேயே காஞ்சிக்குத் திரும்பிவிட்டார் இளையாழ்வார். அவ்வளவு தூரம் நடந்து போய், பக்கத்தில் இருக்கும் சன்னதிக்குள் காலை வைக்கவில்லை!

ஆனால் ஒன்று கவனியுங்கள். காஞ்சியில் தீர்த்தம் சுமப்பதை விடவில்லை. வருத்தம் வருத்தமாக இருந்தது, குடமும் தோளில் இருந்தது.

மனசுக்குள் கேள்விகள் அரித்தன. வரதருக்கு விசிறி வீசும் திருக்கச்சி நம்பியிடம் போய், பெருமாளிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நம்பி நம்ம பூந்தமல்லிக்காரர், பிராமணர் அல்லாதவர். அவரையே குருவாகக் கொள்ள ஆசைப்பட்டு, அவர் உண்ட மிச்சத்தை உண்ண ஏற்பாடு செய்தார் இளையாழ்வார். அதுவும் மனைவி தஞ்சமாம்பாளால் நடக்காமல் போனது. நம்பி மூலம் வந்தது ஆறு வார்த்தைகள். சரணாகதியே வழி என்பது அதில் ஒன்று. சரணடைந்தவன் சாகும் நேரத்தில் கடவுளை நினைக்க முடியாமல் போனாலும் குற்றமில்லை என்பது இன்னொன்று. நாம் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார் என்று அர்த்தம்! கடைசி வார்த்தை, பெரிய நம்பியைக் குருவாகப் பற்று.

உடனே கிளம்பினார். அந்தப் பக்கம் பெரிய நம்பியும் இவரைத் தேடிப் புறப்பட்டிருந்தார். இருவரும் சந்தித்த இடம் மதுராந்தகம். ஏரிகாத்த ராமர் கோயில் மகிழ மரத்தடியிலேயே உபதேசம் நடந்தது. ஆளவந்தார் வேண்டியது இப்படித்தான் பலித்தது. வேண்டியவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. கிடைத்தவரோ, தன் வேண்டுதலைக் கடவுள் கைவிட்டுவிட்டார் என்று நினைத்திருந்தவர்.

பிறகு துறவு, ஸ்ரீரங்கம், ஸ்ரீபாஷ்யம், திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு நடை எல்லாம் நீங்கள் அறிந்ததே. அதற்கப்புறமும் கஷ்டம் தீர்ந்ததா என்றால் இல்லை. சோழன் ஒருவனின் பகையால் மேல்கோட்டைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் இருந்தார் என்பார்கள். அவருக்குப் பதிலாக அரசவைக்குப் போன கூரத்தாழ்வான் கண்களை இழந்தார். இவரும் காஞ்சிப் பக்கத்துக் கூரம் கிராமத்துக்காரர். திரும்பி வந்த ராமானுஜர், வரதரிடம் கண்ணைக் கேள் என்று அவரை வற்புறுத்தி அனுப்பினார். ஆழ்வான் ஸ்தோத்திரம் பாடி முடித்து, தன் கண் போகக் காரணமான நாலூரானுக்கும் மோட்சம் கொடு என்று கேட்டுவிட்டு வந்து நின்றார். அது கிடைத்தும்விட்டது. ராமானுஜருக்கு வந்ததே வருத்தம்! அவர் ஆசைப்பட்டது கண்ணை அல்லவா?